ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள், முரளி

என் வாயாடித் தம்பி, என் செல்லமே முரளி,

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. சேலையூர் வீட்டில் உன் அறை ஜன்னலில் நீ ஒட்டிய கறுப்புத்தாளை இன்னும் பிரிக்கவில்லை. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று ஒட்டினாய். சினிமா தியேட்டரா நடத்துகிறாய் என்று கேட்டேன். என் வாயில் கொள்ளியைத்தான் வைக்க வேண்டும்.

உனக்குத் தெரிந்த கதைதான், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். கேம்ப் ரோட்டில் நாய் குறுக்கே வந்து நீ வண்டியோடு விழுந்தாய். ஹெல்மெட் இருந்தது, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஸ்கேன் நார்மல். மூளை குலுங்கியிருக்கிறது, கொஞ்ச நாள் கவனமாக இருங்கள் என்று டாக்டர் சொன்னது என் காதில் ஏறவே இல்லை. ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பினேன், நீ பரீட்சையில் பாஸான மாதிரி.

அப்புறம் என் கவனமெல்லாம் வண்டி மேல். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் வளைந்திருக்கிறது என்றார் மெக்கானிக், மாற்றினோம். ராஜகீழ்ப்பாக்கம் வரை மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவர் கொடுத்தார். நான் கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போய், சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கினேன். இரும்புக்கு இவ்வளவு பார்த்தேன். காபியில் இரண்டு தடவை சர்க்கரை போட்டுவிட்டு முழித்துக்கொண்டு நின்ற உன்னை யார் பார்த்தது? மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டாய். பேசும்போதே வார்த்தை வராமல் நின்றாய். எப்படி இருந்ததுடா உனக்கு, அந்த நாட்கள்?

மூன்றாவது வாரம், திங்கட்கிழமை காலை. நாவலூர் ஆபீஸுக்குக் கிளம்பச் சொன்னேன்.

"அக்கா, இன்னும் ஒரு வாரம் போகட்டுமே. தலைக்குள்ள என்னமோ சரியா இல்ல."

"ஸ்கேன்லயே இல்லாதது உன் தலையில எங்கடா இருக்கு?"

சாவியை உன் கையில் திணித்ததும் நான்தான். மேடவாக்கம்கூட நீ தாண்டவில்லை. தலை சுற்றி விழுந்தாயா, லாரி ஓரம் ஒதுக்கித் தள்ளியதா, எவருக்கும் தெரியாது.

இப்போது நடப்பதைக் கேள். தாம்பரத்தில் உனக்கு ஸ்கேன் எடுத்த அதே ஆஸ்பத்திரியில் உன்னை மாதிரி தலையில் அடிபட்டவர்களை வியாழக்கிழமைதோறும் தனியாகப் பார்க்கிறார்கள். முதல் இரண்டு நாள் ஓய்வு, பிறகு கொஞ்சம் நடை, அப்புறம் அரை நாள் வேலை. டாக்டர் சரி என்ற பிறகுதான் வண்டி. இருட்டறையிலேயே அடைந்து கிடக்கவும் விடுவதில்லை. இப்படிப் பார்த்துக்கொண்டால் முக்கால்வாசிப் பேர் தேறிவிடுகிறார்களாம். அதைக் கேட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அங்கே ஆராய்ச்சியும் நடக்கிறது. வீடு திரும்பியவர்களுக்கு அப்புறம் என்ன ஆனது என்று குடும்பத்தாரிடம் கேட்டு எழுதுகிறார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். ஒரு பெண் பொறுமையாகக் குறித்துக்கொண்டாள். மறுபடி வண்டி எடுத்தது யார் முடிவு என்று கேட்டபோது, அவனேதான், நான் தடுத்தும் கேட்கவில்லை என்றேன். உன் காரியத்துக்கு வந்தவர்களிடம் சொன்ன அதே பொய். அன்றைக்கும் எல்லாரும் நம்பினார்கள், பாவம் அக்கா என்றார்கள்.

வெளியே பெஞ்சில் அனகாபுத்தூர்க்காரர் ஒருவர். பக்கத்தில் அவர் மனைவி முந்தானையால் கண்ணை மூடியிருந்தாள். படியில் வழுக்கி விழுந்தவளாம்.

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்ட்டாங்க. அப்பால இன்னாத்துக்கு எந்நேரமும் படுத்துகினே கீறா?" என்றார் என்னிடம்.

கெட்ட மனிதர் இல்லை. அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பேசியதைத்தான் அவரும் பேசினார். இப்போதுதானே உள்ளே பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், எந்த முகத்தோடு அவரிடம் உண்மையைச் சொல்வது? பஸ் ஏறி வந்துவிட்டேன்.

உயிரோடு இருந்தவரை ஒரு தடவைகூட என் பேச்சைத் தட்டாதவன் நீ. தட்டியிருந்தால் இருந்திருப்பாய். செத்த பிறகு உன்னைச் சொல் பேச்சு கேட்காதவன் என்று எழுத வைத்துவிட்டேனே, நானெல்லாம் ஒரு அக்காவா?

இந்த வியாழக்கிழமை போகிறேன். அந்தப் பதிலை அடித்துவிட்டு உண்மையை எழுதச் சொல்வேன். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, அந்த மனிதர் வந்தாலும் வேறு யார் வந்தாலும் சொல்வேன்: என் தம்பி முடியவில்லை என்றான், நான்தான் அனுப்பினேன். சத்தியம்டா.

நீ சொன்னதை இப்போது நம்புகிற,
உன் அக்கா