அலமாரியில் குறைந்த பைகள்

கோட்டயம்,
ஞாயிறு மதியம்.

அடுத்த அறையில் இருக்கும் என் மனைவிக்கு,

அலமாரியில் என் பைகள் குறைவதை நான் கவனிக்கவில்லை என்றா நினைத்தாய்? குடல் ஆபரேஷனுக்குப் பிறகு, மலம் சேர வயிற்றில் பை ஒட்டிக்கொண்டு வாழ்கிறவன் வேறு எதைக் கவனிப்பான்? அதை மாற்றிவிட வரும் நர்ஸ் ரோசிலி சிஸ்டரும் நீயும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிசுகிசுத்தீர்கள். என்னை எங்கோ ஒரு முதியோர் இல்லத்தில் தள்ளப் போகிறீர்கள் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

இன்று நீ சர்ச்சிலிருந்து வந்தபோது சேலைக்குள் ஏதோ புடைத்திருந்தது.

"என்னடி ஒளிக்கிற?" என்று கத்தினேன்.

சேலையை விலக்கிக் காட்டினாய். உன் வயிற்றில் என் பை. உள்ளே கஞ்சி.

"சிஸ்டர்தான் ஒட்டிவிட்டாங்க, அச்சாயா. முன்னாடி ரெண்டு மூணு சரியா ஒட்டாம வீணாப் போச்சு. 'ஒரு நாள் நீ மாட்டிப் பாரு, அப்புறம் அவருக்கு மாத்தப் பழகு'ன்னாங்க. முட்டி போட்டேன், எழுந்தேன், பாட்டுகூடப் பாடினேன். ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. நீங்கதான் கண்டுபிடிச்சீங்க, பெரிய போலீஸ்காரரு!"

முன்னாலேயே சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு சர்ச்சுப் படி ஏறாதவன், அடுத்த ஞாயிறு வருகிறேன். ஆண்கள் பக்கம் முன் வரிசையில்தான் உட்காருவேன். பெண்கள் பக்கத்திலிருந்து நீ என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருக்காதே.

இப்படிக்கு,
உன் போலீஸ்காரன்