முப்பத்தொன்றுக்கு வந்த பதில்

மார்ச் 9, திங்கள்

புள்ளியியல் எடுக்கும் புது விரிவுரையாளர் புகாரோடு வந்தார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, அதற்குள் பிள்ளைகள் 'ரம்பம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கும் அதுதான் முதலில் வாயில் வருகிறது. எதிரில் பேசும்போது நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வருகை எடுக்கும்போது வகுப்பில் யாரோ முப்பத்தொன்றாம் எண்ணுக்கு ப்ராக்ஸி கொடுக்கிறார்களாம். இன்று அந்த எண்ணைக் கரும்பலகைக்கு அழைத்திருக்கிறார். ஒருவரும் எழவில்லை.

"இப்பதானே 'உள்ளேன்'னு சத்தம் வந்துச்சு? சொன்னது யாரு, பேயான்னு கேட்டேன் மேடம். எதுக்கெடுத்தாலும் இளிக்கற கிளாஸ். ஒருத்தன் சிரிக்கல."

சிரிக்காததுதான் அவருடைய பெரிய கோபம். ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பச் சொன்னார். சின்னத் தப்பு, என்னிடம் விடுங்கள் என்றேன். சின்னத் தப்புகளுக்காகத்தானே மாணவர் நலப் பொறுப்பு என்று இந்த அறையும் நாற்காலியும்.

மார்ச் 10, செவ்வாய்

இரவு வீட்டில் சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். "சுவத்துல கிறுக்கினவனைப் பெயின்டரோட நிக்க வச்சே, நூலகத்துல கத்தினவளை நூலகர் பக்கத்துல உக்கார வச்சே. நீ தண்டனை குடுக்கற லட்சணத்துக்கு வரிசைல நின்னு தப்பு பண்ணுவாங்க" என்றார். தண்டனை இல்லை, பாடம் என்றேன். "ரெண்டுக்கும் மூஞ்சி ஒரே மாதிரிதான் இருக்கு" என்றார்.

மார்ச் 12, வியாழன்

நான் அழைக்காமலே வந்தாள். விடுதியில் இருப்பவள், மெலிந்த பெண், வகுப்பில் எண் முப்பத்திரண்டு. "நான்தான் மேடம்" என்று நின்றாள்.

ஏன் செய்தாய் என்று நான் யாரையும் கேட்பதில்லை. 'ஏன்' என்று கேட்டால் பொய்தான் வரும். என்ன நடந்தது, யாருக்கு அதனால் இழப்பு, நீ என்ன செய்யப் போகிறாய் – இந்த மூன்றும்தான். இழப்பு யாருக்கு என்ற கேள்விக்கு, "தெரியல மேடம்" என்றாள். ப்ராக்ஸிக்கு நான் வழக்கமாகக் கொடுக்கும் வேலையையே கொடுத்தேன்: யாருக்காகக் குரல் கொடுத்தாயோ அவரோடு ஒரு மணி நேரம் உட்கார். அவர் எதை இழந்தார் என்று அவர் வாயாலேயே கேட்டு வா.



"அவ வீட்டுக்குத்தான் போகணும் மேடம்."

"போய்ட்டு வாயேன். தூரமா?"

"ஒரு ராத்திரி பஸ். பேசுவாளான்னு தெரியல."

"நீ கேட்டா பேசுவா" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

மார்ச் 15, ஞாயிறு

காதில் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. எழுதிவிட்டால் நிற்குமோ என்னவோ.

காலையில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. ஒரு பெண்மணி, என் வயதுதான் இருக்கும். "காலேஜ் மேடமா? நீங்கதான் இந்தப் பொண்ண அனுப்பினீங்களா?" ஆமாம் என்றேன்.

"என் பொண்ணோட ஒரு மணி நேரம் உக்காரணும்னு சொன்னீங்களாம். எங்க உக்கார்றதும்மான்னு வாசல்ல நின்னு கேக்குறா. டிசம்பர்ல காய்ச்சல்ல போனவம்மா என் பொண்ணு. நான் எங்கன்னு காட்டட்டும்?"

நான் என்ன பதில் சொன்னேன்? மன்னிப்புக் கேட்டேன் என்று நினைக்கிறேன். அந்த அம்மாள் நடுவில் ஃபோனை விலக்கி, "செருப்ப கழட்டிட்டு உள்ள வா, மொதல்ல சாப்புடு" என்று அவளை அதட்டியது கேட்டது. பிறகு, "அவ ரூம்ல உக்கார வைக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நீ கேட்டா பேசுவா. என் குரல்தான் அது. வேறு யாரோ சொன்னதாக நினைத்துப் பார்க்கிறேன் – முடியவில்லை.

மார்ச் 16, திங்கள்

பதிவாளர் அலுவலகத்தில் கேட்டேன். பெற்றோர் இறப்புச் சான்று கொண்டுவராமல் பெயரை எடுக்க முடியாதாம். மற்ற ஆசிரியர்கள் விஷயம் தெரிந்து அந்த எண்ணைத் தாண்டிப் படிக்கிறார்கள். புதியவருக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

வந்தாள். மன்னிப்புக் கேட்டேன். "நீங்க சொல்லலன்னா நான் அங்க போயிருக்கவே மாட்டேன் மேடம்" என்றாள். எனக்கு ஆறுதல் சொல்கிறாளா? அப்படி இருந்தால் அது இன்னும் மோசம்.

இவளும் போனவளும் விடுதியில் ஒரே அறை. விடுமுறையில் அவரவர் ஊருக்குப் போயிருந்தபோது நடந்தது. இவளுக்குச் செய்தி போனதே எல்லாம் முடிந்த பிறகு. முதல் நாள் வகுப்பில் புள்ளியியல் சார் முப்பத்தொன்று என்று கூப்பிட்டிருக்கிறார். யாரும் பேசவில்லை.

"பேனாவைக் கீழ கொண்டு போனாரு மேடம். ஆப்சென்ட் போடப் போறாருன்னு... என்னையறியாம வாய் சொல்லிடுச்சு. அப்புறம் தினமும்."

"அவ குரல்லயா?"

"இல்ல. என் குரல்தான்."

அதை அவள் சொன்ன விதம்.

மார்ச் 18, புதன்

இவர் வாசலிலிருந்து "இருக்கியா?" என்று கேட்டார். பதில் சொல்லச் சற்று நேரம் ஆயிற்று.

மார்ச் 20, வெள்ளி

வருகை குறைந்தவர்கள் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். புள்ளியியலில் எண் முப்பத்திரண்டு, அவள். தேர்வு எழுத முடியாது, ஒரு வருடம் போகும்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ரம்பம் தலையைக் குனிந்தபடியே எண்களை வாசிப்பவர். முப்பத்தொன்றுக்குக் குரல் கொடுத்தவள், மறு நொடியே அதே குரலில் முப்பத்திரண்டுக்கு எப்படிக் கொடுப்பாள்? கொடுக்கவில்லை. இரண்டு மாதமாக, அங்கேயே உட்கார்ந்தபடி அவள் ஆப்சென்ட். போனவள் ஒரு நாள் விடாமல் வந்திருக்கிறாள்.

விரிவுரையாளரிடம் ஓடினேன். முழுதும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "அந்தப் பிள்ளைங்ககிட்ட பேயான்னு கேட்டுட்டேனே" என்றார். ஆனால் சும்மா மாற்ற ஒப்பவில்லை. "அந்தக் குரல் அவளோடதுன்னு அவளே சொல்லணும். முப்பத்தொன்னுல இருக்கறதை அவ கையாலயே அடிச்சு, தன் எண்ணுல போடணும். நான் கையெழுத்து போடறேன். தப்பு பண்ணவங்களே சரி பண்ணணும்னு நீங்கதானே கூட்டத்துக்குக் கூட்டம் சொல்றீங்க?"

சொல்வேன்தான்.

மார்ச் 23, திங்கள்

மாட்டேன் என்கிறாள்.

"எனக்கு ஆப்சென்டாவே இருக்கட்டும் மேடம். அவளுக்குப் போட்டதை அடிக்க மாட்டேன்."

"ஒரு வருஷம் போயிடும்மா."

"அவளுக்கு எல்லா வருஷமும் போச்சே."

இதற்கு என் மூன்று கேள்விகளில் எது பொருந்தும்? வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். வற்புறுத்தினால் அது தண்டனை. விட்டுவிட்டால்? இன்னொரு பெண்ணையும் நானே வழியனுப்பியது போல. கண்ணை மூடினால் காலியான ஒரு பெஞ்சு. அதில் யாருமில்லை என்பதல்ல பயம். இருவர் இல்லை.

மார்ச் 25, புதன்

அந்த அம்மாளைக் கூப்பிட எனக்கு என்ன முகம் இருக்கிறது? இரண்டு முறை எண்ணை எடுத்து, வைத்துவிட்டேன்.

மார்ச் 26, வியாழன்

கூப்பிட்டேன். முழுதும் கேட்டார். பிறகு கோபம் வந்தது. நல்ல கோபம், உயிருள்ள கோபம்.

"என் பொண்ணு காய்ச்சலோட கிளாசுக்குப் போவாளே தவிர, ஒரு நாள் பொய்யா அட்டெண்டன்ஸ் வாங்கினவ இல்லம்மா. உசுரோட இருக்கறப்ப பண்ணாததை இப்ப பண்ணுவாளா? அந்தக் கழுதைகிட்ட ஃபோனக் குடுங்க."

ஆள் அனுப்பி வரவழைத்துக் கொடுத்தேன். அறையை விட்டு வெளியே வந்துவிட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவள், "சரிங்கம்மா... இல்லங்கம்மா... சாப்ட்டேங்கம்மா" என்பது மட்டும் கேட்டது. பிறகு அழுகை. டிசம்பரிலிருந்து தேங்கியிருந்ததாக இருக்கும். மதிய மணி அடித்தும் நான் உள்ளே போகவில்லை.

மார்ச் 27, வெள்ளி

என் மேசையில்தான் நடந்தது. பதிவேட்டை விரித்து வைத்துவிட்டு விரிவுரையாளர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவள் ஒவ்வொரு நாளாகத் திருத்திக்கொண்டு வந்தாள். மேல் வரிசையில் ஒரு கோடு, கீழ் வரிசையில் ஒரு குறி. அவசரப்படவில்லை. கோடு போடும்போதெல்லாம் உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று கேட்க எனக்கு உரிமையில்லை.

முடித்துத் திருப்பி வைத்தாள். அவர் கடைசி வகுப்பிலிருந்து ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே பின்னோக்கிப் போனார். ஜனவரியின் முதல் வகுப்பில் பேனா நின்றது. அந்த ஒரு நாளை மட்டும் அவள் தொடவில்லை. முப்பத்தொன்று வந்திருக்கிறாள், முப்பத்திரண்டு வரவில்லை.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாள் லீவுல ஒண்ணும் குறைஞ்சிடாது" என்று பதிவேட்டை மூடினார்.

ஏப்ரல் 16, வியாழன்

புள்ளியியல் தேர்வு. எழுதினாள். வெளியே வந்து, "கேள்வித்தாளும் ரம்பம்தான் மேடம்" என்றாள்.

மே 3, ஞாயிறு

விடுமுறை. வீடு அமைதியாக இருந்தால் ரேடியோவைப் போட்டுவிடுகிறேன். எதற்கு என்று இவர் கேட்கவில்லை.

ஜூலை 8, புதன்

புதுப் பருவம். முதல் வழக்கே ப்ராக்ஸி. சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு பையன் நின்றான். நண்பனுக்குக் குரல் கொடுத்தானாம். என்ன நடந்தது, யாருக்கு இழப்பு எல்லாம் அவனே கடகடவென்று ஒப்பித்தான். சீனியர்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். "அவன்கூட ஒரு மணி நேரம் உக்காரணும், அதானே மேடம்?" என்றான்.

"அவன் எங்க இருக்கான்?"

"கேன்டீன்ல."

"நல்லா இருக்கானா?"

என்னை ஒரு மாதிரி பார்த்தான். "அவனுக்கென்ன மேடம், போண்டா தின்னுட்டிருக்கான்."

போய்க் கூட்டிக்கொண்டு வா, நான் பார்க்க வேண்டும் என்றேன். அந்த இன்னொரு பையன் வாயைத் துடைத்துக்கொண்டே உள்ளே வரும்வரை நான் உட்காரவில்லை.