பழைய கெர்னலை அழிக்கவில்லை

ஹம்பர்க்

அன்புள்ள அப்பாவுக்கு,

யுவராணி வணக்கத்துடன் எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு இந்த ஊர்க் குளிர் பழகிவிட்டது. சிறுமலை மிளகுதான் தீர்ந்துவிட்டது. போனில் பேசினால் என் குரலை வைத்தே ஏதாவது கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

போன ஞாயிறு ஒரு கூத்து. என் கம்ப்யூட்டரை உள்ளிருந்து இயக்கும் மூல மென்பொருளான லினக்ஸ் கெர்னலின் புதிய பதிப்பை நானே உருவாக்கி ஏற்றினேன். மறுபடி ஆன் செய்தால் திரை முழுக்க இருட்டு. திரையில் படம் வரவைக்கும் டிரைவர் மென்பொருள் பழைய கெர்னலுக்கென்று அமைந்தது, புதியதோடு ஒட்டவில்லை. நல்லவேளை, பழைய கெர்னலும் உள்ளே இருந்தது. அதன் வழியாக நுழைந்து, புதியதற்கு ஏற்ற டிரைவரைப் போட்டேன். இப்போது படம் பளிச்சென்று வருகிறது.

என்னோடு தங்கியிருக்கும் வத்தலக்குண்டு ஸ்ரீமதி, "அதான் புதுசு நல்லா ஓடுதுல்ல, பழசத் தூக்கிப் போட வேண்டியதுதானடி?" என்றாள். எனக்கு மனசு வரவில்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது. ஒன்றே ஒன்று அப்பா. அன்றைக்குப் போனில், "உன் மாடி ரூம வாடகைக்குக் கேக்குறாக, விட்டுரவா ஆத்தா?" என்றீர்கள். நானும் யோசிக்காமல் சரி என்றேன். இந்தக் கடிதம் வருவதற்குள் அவர்கள் குடிவந்திருந்தால் பரவாயில்லை. சாவி இன்னும் உங்களிடம் இருந்தால், கொடுக்க வேண்டாம்.

உங்கள் மகள்,
யுவராணி