நீ பதினொன்றில் நின்றாய்

மச்சான்,

இன்று காலை தங்கச்சி உன் வயர்லெஸ் செட்டை என் கையில் கொடுத்தாள். பிளாஸ்டிக் பையைப் பிரித்ததும் டீசலும் மீன் கவிச்சியும் கலந்த உன் படகு வாசனை. ஆன் செய்தேன். பதினொன்றாம் சேனல் எரிந்தது. அப்படியே உன் வாசல் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

நமக்கு எப்போதும் எட்டுதான். பெரிய லாஞ்சுக்காரர்கள் அதில் பேச ஆரம்பித்தால் நாம் விலகி, காலியான வேறொன்றுக்கு ஓட வேண்டும். எது காலி என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்? அன்றைக்கு முகத்துவாரத்துக்கு வெளியே உன் இன்ஜின் நின்று, நீரோட்டம் உன்னை இழுத்துப்போனது. நான் சேனல் சேனலாக மாற்றி உன்னைத் தேடினேன். நீயும் மாற்றி மாற்றி என்னைத் தேடியிருக்கிறாய். நான் ஐந்துக்கு வரும்போது நீ ஆறில். மதியத்துக்கு மேல் எப்படியோ குரல் கிடைத்து, வந்து கயிறு போட்டேன். நன்றி சொல்வாய் என்று பார்த்தால் திட்டினாய்.

"இன்னாடா நீ! நானும் சுத்தினுகிறேன், நீயும் சுத்தினுகிறே. ஒருத்தன் நிக்கணும், ஒருத்தன் தேடணும்டா!"

அதன்பின் முதலில் கிளம்பியவன் காலியான சேனலில் நிற்பான், பின்னால் வருபவன் ஒவ்வொன்றாகத் தேடுவான் என்று வைத்துக்கொண்டோம். ஒருநாளும் தவறவில்லை.

நான்தான் வாயை விட்டேன். திடீரென்று எட்டில் ஒரே கூட்டம். நாம் எட்டில் பேசுவதை நீதான் ஊரெல்லாம் சொல்லிவிட்டாய் என்று, அத்தனை படகும் கேட்க, மைக்கில் உன்னைக் கிழித்தேன். நீ இல்லை என்று தெரிந்தபிறகும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை. நீ படுத்த படுக்கையாகிவிட்டாய் என்று கேள்விப்பட்டும் வரவில்லை. அந்தக் கூச்சலுக்கு நடுவில் எட்டிலேயே காதை வைத்துக்கொண்டு, நீயே கூப்பிடுவாய் என்று நின்றேன். கொழுப்பு, வேறென்ன?

தங்கச்சி சொன்னாள்: "எட்டுல ஒரே சத்தம்னு பதினொன்னுல வச்சிக்கினாருண்ணே. உசுரு போற வரைக்கும் யாரையும் மாத்தவே உடல. 'நான் நிக்கறேன், அவன் தேடினு வருவான்'னு சொல்லினே இருந்தாரு."

எனக்கு ஆறவில்லை மச்சான். உன் குரலை இன்னும் ஒருமுறை கேட்டிருக்கலாம், திட்டாகவாவது. எட்டிலிருந்து பதினொன்றுக்கு மூன்று முறை பொத்தானை அழுத்தினால் போதும். அழுத்தாத இந்த விரலோடுதான் நாளைக்கும் கடலுக்குப் போக வேண்டும்.