மூன்றாம் அத்தியாயத்து லட்சுமி

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஏரியில் கொட்டும் குப்பையைப் பற்றிய என் ஆங்கில நூலை இன்று கோவில்பதாகைக்குக் கொண்டுபோய் ஸ்டெல்லா அக்காவிடம் கொடுத்தேன். மூன்றாம் அத்தியாயம் முழுக்க அவர் சொன்னதுதான். சர்ச்சில் பூசை முடிந்து வந்த பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார். கல்லூரியில் படிக்கும் அவர் மகள் அந்த அத்தியாயத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அக்கா நிறுத்தினார்.

"யாரு டீச்சர் இந்த லட்சுமி? நான் சொன்னதெல்லாம் அவ சொல்லிகினு கீறா."

ஆய்வில் பெயரை மாற்றுவது வழக்கம், உங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்றேன்.

"கலெக்டராண்ட குடுத்த மனுவுலயே மொத கையெழுத்து என்னுது. அப்ப வராத பயம் இதுல இன்னா வரப் போவுது? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல."

கேட்டிருக்கலாம். மூன்று வருடம் அந்த வீட்டில் டீ குடித்தேன், கேட்கத் தோன்றவில்லை. அக்கா கோபப்படக்கூட இல்லை. புத்தகத்தை முந்தானையால் துடைத்து பீரோ மேல் வைத்தார். வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நன்றியுரையைப் புரட்டினேன். பேராசிரியர், பதிப்பாசிரியர், எழுதும்போதெல்லாம் மடியில் கிடந்த எங்கள் பூனை மிட்டு.

பூனையின் பெயரை நான் மாற்றவில்லை.