பர்கர் மாமா

மாஸ்டருக்கு,

சனிக்கிழமை நீ சமைக்கும் கடைக்கு வந்திருந்தேன். நாம் காதலித்த நாட்களில் நீ எனக்கு பர்கர் செய்துகொடுத்த அதே கடைதான். அப்போதெல்லாம் வெண்ணெயில் வாட்டிய பன் வாசனை தெருமுனைக்கே வரும். இப்போது பன் ஈரத்துணி மாதிரி இருந்தது. உள்ளே இறைச்சி வேகவே இல்லை.

மேனேஜரைக் கூப்பிட்டேன். சமையலறைக் கதவு திறந்தபோதே உன்னைப் பார்த்துவிட்டேன். இருந்தும், "சமைச்சவர் வந்து மன்னிப்பு கேட்டாத்தான் எழுந்திருப்பேன்" என்றேன்.

நீ வந்தாய். என்னைப் பார்த்ததும் உன் முகம் வெளுத்தது. பிறகு என் பக்கத்தில் கால் ஆட்டிக்கொண்டிருந்த சிறுமியைப் பார்த்தாய். உன் மூக்கு, உன் நெற்றி. வயிற்றில் இருந்தபோது, யார் பிள்ளையோ என்று சொல்லிவிட்டு நீ விட்டுப்போனது இவளைத்தான்.

"ஏன்யா மரம் மாதிரி நிக்கிற? கேளு!" என்று மேனேஜர் அதட்டினார்.

"மன்னிச்சுக்குங்க மேடம்."

"குழந்தைகிட்டயும் கேக்கச் சொல்லுங்க."

குனிந்து அவளிடமும் கேட்டாய். குரல் உடைந்துவிட்டது.

வெளியே வந்ததும், "அந்த மாமா ஏம்மா அழுதாரு?" என்றாள்.

"வேலை தெரியாதவங்க அப்படித்தான் அழுவாங்க."

வீட்டில் பொம்மைகளை உட்காரவைத்து, குனிந்து, "மன்னிச்சுக்குங்க மேடம்" என்று உன்னைப் போலவே நடித்துக்காட்டினாள். அச்சு அசல் நீயேதான். விழுந்து விழுந்து சிரித்தேன். கண்ணைத் துடைக்கத் துண்டு தேட வேண்டியிருந்தது.

தேடி வராதே. வந்தால் கதவைத் திறந்து, "அம்மா, பர்கர் மாமா வந்திருக்காரு" என்றுதான் கத்துவாள். நான் திருத்த மாட்டேன்.

இப்படிக்கு,
பாதியில் எழுந்துபோன வாடிக்கையாளர்