தனித்தட்டும் ஒரே ரேசரும்

அண்ணா,

அம்மா உனக்குத் தனித்தட்டு எடுத்து வைத்த அன்று, ஹெபடைடிஸ் பி தட்டில் ஒட்டாது, ரத்தத்தில்தான் பரவும் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் குப்பை அள்ளும்போது ஊசி குத்தி வாங்கி வந்தவன் நீ. நீயே சொல்வாய் என்றிருந்தேன்.

நீயோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டாய். மறுநாள் தம்பி வழக்கம்போல உன் ரேசரை எடுத்ததும், "இவன் ஒருத்தனாவது என்னை ஒதுக்கலையே" என்று உருகினாய். நான் பிடுங்கி எறிந்தேன். "வந்துட்டாங்கடா மேதாவி!" என்று இருவரும் சிரித்தீர்கள்.

நானும் அம்மாவும் தடுப்பூசி போட்டுக்கொண்டோம். அவனைக் கூப்பிட்டால், "நாளைக்குப் பாக்கலாம்க்கா" என்றே நாளை ஓட்டினான்.

நீ தட்டுக்காகக் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு விடுதியில் தங்கப் போன பிறகு, அவனை இழுத்துப்போய் ரத்தப் பரிசோதனை செய்ய வைத்தேன். அவனுக்கும் இருக்கிறது. அம்மா இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள்.

உன் தங்கை